மூன்று காணி நிலத்தின் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு: அணைக்கட்டு வட்டத்தில் ஒரு குடும்பப் பண்ணை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் உத்திரகாவேரி ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி அமைந்த ஒரு சிற்றூரின் குடும்பப் பண்ணையைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர் வழக்கில் அந்த நிலம் மூன்று காணி. பட்டாவில் 3 ஏக்கர் 96 செண்ட். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கைப்பற்றில் உள்ள நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவில் பார்த்தால் இக்குடும்பம் வசதி குறைந்த குடும்பம் அன்று. ஊரில் நடுத்தர நிலையில், சிறு விவசாயி என்ற வகைக்குள் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு குடும்பமே பன்னிரண்டு ஆண்டுகளில் இருமுறை நிலத்தை விற்கும் நிலைக்கு வந்து மீண்டது என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு விவசாயக் குடும்பங்களின் கடன் பக்கம் நன்கு தெரியும். வரவுப் பக்கமும் உழைப்புப் பக்கமும் சங்கத்தின் மேசைக்கு வருவதே இல்லை. இக்குடும்பத்தில் மூத்த மகன் 2013 முதல் டைரியில் கணக்கு எழுதி வருகிறார். மண்டிச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். மருமகள் பால் சங்க அட்டைகளை ஒன்றுவிடாமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து எழுதியதே இந்த ஆய்வு. குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களும் ஊரும் குறிப்பிடப்படவில்லை.

நிலமும் நீரும்

ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதி ஏரிப் பாசன நஞ்சை. மீதி கிணற்றுப் பாசனப் புன்செய். கிணறு, குடும்பத் தலைவராக இருந்த பெரியவரின் தந்தை வெட்டியது; பெரியவர் 2019-இல் காலமானார். மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய் மின்மோட்டார் வந்தபின், சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியபின், இக்கிணற்றை நம்பி நவரைப் பருவத்தில் குண்டு நெல்லும் ஆடிப்பட்டத்தில் மல்லாட்டையும் (நிலக்கடலை) இடையில் கரும்பும் விளைந்தன. வேலூரை உள்ளடக்கிய பழைய வடாற்காடு மாவட்டத்தில் பசுமைப் புரட்சியைத் தாங்கியவை பெரிய அணைகள் அல்ல, இத்தகைய கிணறுகளே. 1970-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு வடாற்காட்டுச் சிற்றூர்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தபோதே நிலத்தடி நீரின் எல்லையைப் பற்றிய கவலை எழுந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கவலை இக்குடும்பத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இப்பகுதி கடினப் பாறைப் பகுதி. மேலே உள்ள உதிர்ந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆழமாகத் துளைத்தால் நீர் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை; வெடிப்பு அகப்பட்டால் உண்டு, அகப்படாவிட்டால் வெண்புழுதிதான். பக்கத்து நிலத்தில் முந்நூறு அடியில் தண்ணீர் வந்ததைக் கண்டு இக்குடும்பம் 2014-இல் 650 அடிக்கு ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டது. ஈரம்கூட வரவில்லை. 2015 நவம்பர் மழையில் ஏரி நிரம்பிக் கிணறும் ஊறியதால் அந்த இழப்பை எல்லோரும் மறந்தார்கள்.

ஒரு நட்டம் இடம் மாறிய விதம்

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்த அந்த ஆண்டிற்காக, 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இக்குடும்பத்தின் டைரியில் அந்த நவரைக்கு எதிரே "நடவு இல்லை" என்ற இரண்டு சொற்களே உள்ளன. கரும்புக் கட்டை காய்ந்தது. ஒரு மாடு பொய்கைச் சந்தையில் விற்கப்பட்டது. வரவு நின்றது, செலவும் ஏறத்தாழ நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர் இந்த ஆண்டைத்தான் பண்ணையின் மிக மோசமான ஆண்டு என்பார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

2017 மாசியில் இரண்டாவது போர் போடப்பட்டது. 900 அடியில் ஒரு இஞ்ச் தண்ணீர் வந்தது. போர் செலவுக்காக மருமகளின் நகை அடகுக் கடைக்குச் சென்றது. சங்கத்தில் பழைய பயிர்க்கடன் நிலுவையில் இருந்ததால் அங்கே போக முடியவில்லை. ஒன்றரை லட்சம் ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மோட்டார், குழாய், கேபிள் ஆகியவற்றிற்கான அறுபதாயிரத்தை ஆம்பூர் பக்கம் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைய மகன் கொடுத்தார். அந்த அறுபதாயிரம் டைரியில் எங்கும் எழுதப்படவில்லை. தம்பி கொடுத்ததைக் கடன் என்று எழுதுவது முறையன்று என்று அண்ணன் கருதியிருக்கிறார். பின்னால் இதற்கு ஒரு விளைவு உண்டு.

அதே ஆண்டு ஆடிப்பட்டத்தில் மழை நன்றாக அமைந்தது. இரண்டு ஏக்கரில் மல்லாட்டை விதைத்தார்கள். நாற்பத்தைந்தாம் நாள் களைவெட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டார்கள். அது தவறினால் விழுது இறங்கியும் பருப்பு திரளாமல் பொக்குக் காய் மிகும் என்பது இங்கே அனைவரும் அறிந்ததே. கொடி பிடுங்கியபோது காய்ந்த எடைக் கணக்கில் 2,200 கிலோ கிடைத்தது. அவர்களுடைய டைரியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு விளைச்சல் இல்லை.

ஆனால் நாடு முழுவதும் விளைந்திருந்தது. அந்த ஆண்டு நிலக்கடலைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,450 ரூபாய். பல சந்தைகளில் விலை அதற்குக் கீழே இறங்கிக் கிடந்தது. வியாபாரி களத்திற்கே வந்து, ஈரத்திற்கும் மண்ணுக்கும் கழிவு பிடித்து, காய்ந்த எடைக்குக் கிலோ 36 ரூபாய் என்று முடித்தார். காய வைத்துக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று பெரியவருக்குத் தெரியும். "வச்சிருந்து வித்தா நல்ல வெலதான், அதுவரைக்கும் வட்டிக்காரனுக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று அவர் மகனிடம் கேட்டது இன்றும் அந்த வீட்டில் நினைவிருக்கிறது.

வரவு 79,200 ரூபாய். விதை, உழவு, களை, ஜிப்சம், மருந்து, காய் ஆய்ந்த கூலி என்று கையைவிட்டுப் போன செலவு மட்டும் 48,000. மிச்சம் 31,200. அந்த ஆண்டின் நகைக்கடன் வட்டி 36,000. பண்ணையின் வாழ்நாளிலேயே சிறந்த விளைச்சல், முந்தைய ஆண்டு வறட்சியில் வாங்கிய கடனின் வட்டிக்குக்கூடக் காணவில்லை. அதே ஊரில் காயைக் காயவைத்துத் தை மாதம் விற்றவருக்குக் கிலோவுக்கு ஏழு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. இக்குடும்பம் அவ்வாறு காத்திருந்திருந்தால் 15,400 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும், வட்டியும் அடைந்திருக்கும்.

இந்த ஆய்வில் நான் கண்டவற்றுள் முதன்மையானது இதுவே. வறட்சியின் நட்டம் வறட்சி ஆண்டில் நிகழவில்லை. அது நகைக்கடனாக மாறி, வட்டியாக மாறி, அவசர விற்பனையாக மாறி, நல்ல மழை பெய்த அடுத்த ஆண்டில் போய் விழுந்தது. வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு ஆகிய எல்லா ஏற்பாடுகளும் பயிர் கெட்ட ஆண்டையே பார்க்கின்றன. பயிர் செழித்து விவசாயி தோற்ற ஆண்டைப் பார்ப்பதற்கு எந்தப் படிவமும் இல்லை. ஒரு பண்ணையின் ஏற்றத்தாழ்வை ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் படிப்பதில் உள்ள குறை இங்கே வெளிப்படுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் படித்தால்தான் எந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

2018-இல் நிலத்தை விற்கும் பேச்சு முதன்முறையாக எழுந்தது. விற்காமல் தடுத்தது பெரியவரின் பிடிவாதம் பாதி, கத்திரித் தோட்டம் பாதி.

முள்ளுக் கத்திரி

அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியின் பெயரால் அறியப்படும் முள்ளுக் கத்திரி, வேலூர் முள்ளுக் கத்திரி என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்டிலும் இலையிலும் காம்பைச் சுற்றிய தொப்பியிலும் முள் இருக்கும். காய் இளசாக, வெந்தால் குழைந்து, எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வைக்கும் வழக்கம் இருப்பதால் இந்தப் பக்கத்தில் கத்திரிக்கு முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை என்று தனித் தேவை உண்டு. இலவம்பாடி நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் ஒன்றை விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கிறது. இக்குடும்பம் தன் சொந்த விதையையே வைத்திருக்கிறது. நல்ல செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, முற்றி மஞ்சளாகப் பழுத்தபின் கீறி, விதையை அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து, துணி முடிச்சில் எரவாணத்தில் செருகி வைப்பது பெரியவரின் மனைவியின் வேலை. எண்பதை நெருங்கும் வயதிலும் அதை அவர் யாரிடமும் விடுவதில்லை.

அரை ஏக்கரில் 2018 முதல் கத்திரி வைத்தார்கள். பறிப்பு நாளில் விடியுமுன் பெண்கள் தோட்டத்தில் இறங்குவார்கள். இடது கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கிளையை விலக்கி, வலது கையில் உள்ள சிறு கத்தியால் காம்பை நறுக்கிக் கூடையில் போட வேண்டும். துணியையும் மீறி முள் தைக்கும். பறிப்பு முடிந்த மாலையில் மருமகள் விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் முள் எடுப்பது அந்த வீட்டில் வாரம் இருமுறை நடப்பது. காய் கோணிக்கு ஏறி வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும்.

மண்டிச் சீட்டு ஒன்றை இங்கே முழுமையாகப் பார்ப்பது தகும். 2019 ஆவணியில் எழுதப்பட்டது. நான்கு மூட்டை, 160 கிலோ, கிலோ 9 ரூபாய், மொத்தம் 1,440. கமிஷன் பத்து விழுக்காடு 144. இறக்குக் கூலி மூட்டைக்குப் பத்து வீதம் 40. வண்டி வாடகை மூட்டைக்கு நாற்பது வீதம் 160. கைக்கு வந்தது 1,096. அன்று பறித்த நான்கு பெண்களுக்கு ஆளுக்கு 150 ரூபாய் கொடுத்தபின் நின்றது 496. அந்த வாரம் காய்த்துளைப்பானுக்கு அடித்த மருந்தின் விலை இன்னும் இதில் கழியவில்லை. இதே கம்பியில், அடுத்த தை மாத முகூர்த்தக் காலத்தில் கிலோ 62 ரூபாய்க்கு விற்ற சீட்டும் குத்தியிருக்கிறது. அன்று போனது 70 கிலோதான், ஆனால் மொத்தம் 4,340 ரூபாய்.

விலை ஏறும்போது காய் குறைவாகவும் காய் மிகும்போது விலை இறங்கியும் இருப்பது சந்தையின் இயல்பு. ஆனால் கத்திரியில் கழிவுகளில் பெரும்பகுதி விலையோடு இறங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இறக்குக் கூலியும் வண்டி வாடகையும் மூட்டைக்கு. பறிப்புக் கூலி ஆளுக்கு. காய் 9 ரூபாய்க்கு விற்றாலும் 62 ரூபாய்க்கு விற்றாலும் அவை மாறுவதில்லை. எனவே விலை பாதியானால் விவசாயியின் மிச்சம் பாதியாவதில்லை, அடியோடு போய்விடுகிறது. உழவர் சந்தையில் நேரடியாக விற்றால் கமிஷன் மிச்சமாகும் என்று பலரும் அறிவுரை கூறினார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால் அங்கே காலையில் ஒருவர் உட்கார வேண்டும், அதே நேரத்தில் வீட்டில் மாடு கறக்க வேண்டும், காய் பறிப்பையும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் உழைக்கும் பண்ணையில் மூன்றாவது ஆள் இல்லை.

புவிசார் குறியீடு கிடைத்தபின் மண்டியில் தங்கள் காய்க்கு இதுவரை தனி விலை கிடைக்கவில்லை என்று மூத்த மகன் கூறுகிறார். அது இயல்பே. குறியீடு பெயரைக் காக்கிறது. அந்தப் பெயரால் காயைத் தனியே பிரித்து, பொதிந்து, விற்கும் ஏற்பாட்டை விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து உண்டாக்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றிலும் அதன் துணையாறுகளிலும் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்தது. ஏரி நிரம்பிக் கடைவாசல் வழியே வழிந்து, கத்திரித் தோட்டத்தில் தண்ணீர் நின்றது. பத்து நாளில் வேர் அழுகி அத்தனை செடியும் சாய்ந்தன. நவரை நாற்றங்காலும் போயிற்று. ஆனால் அதே வெள்ளம் கிணற்றை மேல் கட்டு வரை நிரப்பியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் போரை ஓட்ட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஒரு மாதத்தின் இழப்பும் இரண்டு ஆண்டுகளின் பாசனமும் ஒரே மழையில் வந்தன. இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதும் வழி எனக்குத் தெரிந்து எந்தத் துறையிலும் இல்லை.

பால் அட்டை

இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். இரண்டுமாகச் சேர்ந்து சராசரியாக நாளொன்றுக்குப் பதின்மூன்று லிட்டர். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சத்தையும் இதர சத்தையும் பார்த்து விலை போடுகிறார்கள். 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயானது; 2023 டிசம்பர் முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம், மருத்துவம் ஆகியவற்றைக் கழித்தால் நாளுக்கு 200 ரூபாய் அளவில் நிற்கிறது என்று அட்டையும் டைரியும் சேர்ந்து காட்டுகின்றன.

அந்த 200 ரூபாய்க்குப் பின்னால் மருமகளின் உழைப்பு இருக்கிறது. விடியற்காலைக் கறவை, சாணம் வாருதல், வரப்பில் புல் அறுத்தல், கோ-4 தீவனப்புல் தட்டை வெட்டிப் போடுதல், மாலைக் கறவை, சங்கத்திற்கு நடை என்று நாளில் ஐந்து மணிநேரம் போகிறது. 2024-25-இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டின் நாட்கூலி 319 ரூபாய். அந்த விகிதத்தில் அவருடைய ஐந்து மணிநேரத்திற்கு விலை போட்டால் பாலில் இலாபம் என்பது ஏறத்தாழ மறைந்துவிடும். வேளாண் பொருளாதாரம் படித்த ஒருவர் இதைக் கண்டு மாட்டை விற்றுவிடச் சொல்லலாம். அது பெருந்தவறாகும் என்பது என் உறுதியான கருத்து. பால் பணத்தின் மதிப்பு அதன் அளவில் இல்லை, அது வரும் நாளில் இருக்கிறது. மல்லாட்டைப் பணம் ஆண்டுக்கொரு முறை, நெல் பணம் ஒரு முறை, கத்திரிப் பணம் நினைத்தபோது. பால் பணம் மட்டும் குறித்த இடைவெளியில் தவறாமல் வருகிறது. மளிகைக் கடன், பிள்ளைகளின் பேருந்துச் செலவு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மகளிர் குழுத் தவணை எல்லாம் அதிலிருந்தே போகின்றன. அது இருப்பதால்தான் மற்ற விளைச்சலை அவசரத்திற்கு விற்காமல் நிறுத்திவைக்க முடிகிறது.

இதற்கான சான்று 2022-இல் கிடைத்தது. தோல் கழலை நோய் இப்பகுதியிலும் பரவி ஒரு பசுவின் பால் வற்றியது. அந்தக் கோடையில் பால் அட்டையில் தொகை பாதியாகக் குறைந்த மாதத்திலேயே டைரியில் கைமாற்றுக் கடன்கள் தோன்றத் தொடங்குகின்றன. பயிர் எதுவும் அப்போது கெடவில்லை.

மருமகளின் பெயர் எந்த நில ஆவணத்திலும் இல்லை. விவசாயி என்று எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. இந்தப் பண்ணையின் நடப்பு மூலதனத்தைத் தாங்குபவர் அவரே என்பதை மூத்த மகன் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறார்.

ஆள், பன்றி, காப்பீடு

நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை என்ற குறை இவ்வூரிலும் கேட்கிறது. நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. காய் ஆயவும் நடவுக்கும் வரும் பெண்களுக்கு அத்திட்டம் பேரம் பேசும் இடத்தைக் கொடுத்தது. இதே மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம் நாகநதியைப் புதுப்பிக்க உறிஞ்சு கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அத்திட்டத்தின்கீழ் அமைத்தவர்கள் கிராமத்துப் பெண்களே, அதன் பயன் விவசாயிகளின் கிணறுகளுக்குத்தான். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் திட்ட வேலையை நிறுத்தி வைத்தால் இரு தரப்புக்கும் நன்மை. ஆள் பற்றாக்குறையால் இக்குடும்பம் கைவிட்டது கரும்பை மட்டுமே. வெட்டு ஆள் கிடைக்காத தொல்லையும் ஆலையிலிருந்து பணம் வரத் தாமதமானதும் சேர்ந்து, 2016-க்குப் பின் மறுபடி கரும்பு வைக்கும் எண்ணத்தையே போக்கிவிட்டன.

காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையில் ஒரே இரவில் பல செண்ட் பரப்பைக் கிண்டிவிடும். பழைய புடவைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுவதும் இரவுக் காவலும் ஓரளவு பயன் தருகின்றன. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 சனவரியில் அரசு அனுமதித்தது. மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர் போன்றவற்றிற்கு அது பொருந்தாது. வேலியில் மின்சாரம் பாய்ச்சும் கொடிய வழக்கத்தை இக்குடும்பம் ஒருபோதும் கைக்கொள்ளவில்லை.

பயிர்க் காப்பீட்டில் நிலக்கடலைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு பிரீமியம் கட்டுகிறார்கள். பரவலான இழப்புக்கு இழப்பீடு பிர்கா (குறுவட்டம்) அளவிலான சராசரி விளைச்சலைக் கொண்டே கணக்கிடப்படுவதால், தனியொரு கொல்லையின் நட்டம் அதில் கரைந்துவிடுகிறது. இவர்களுக்கு ஒரு முறையும் குறிப்பிடத்தக்க தொகை வந்ததில்லை. 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது இவர்களின் கடனும் நீங்கியது. நகைக்கடன் அடகுக் கடையில் இருந்ததால் அது அப்படியே நின்றது; அதை மீட்க 2022 தை வரை ஆயிற்று.

சரக்கு நின்ற ஆண்டு

நகை திரும்பிவந்ததும் குடும்பத்தின் போக்கு மாறியது. 2023 ஆடிப்பட்டத்து மல்லாட்டையைக் களத்தில் கொடுக்காமல், நான்கு வெயில் நன்றாகக் காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கினார்கள். இருப்பு வைத்த விளைபொருளின் மதிப்பில் 75 விழுக்காடு வரை குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். 180 நாள்கள் வரை சரக்கை வைத்திருக்கலாம். இத்திட்டம் பல ஆண்டுகளாக உள்ளது. 2017-லும் இருந்தது. அன்று ஏன் போகவில்லை என்று கேட்டபோது மூத்த மகன் அளித்த விளக்கம் மிகத் தெளிவானது: காயவைக்க ஒரு வாரம், கோணி, வண்டி, கிடங்கில் எடை, கடன் கைக்கு வரச் சில நாள் என்று இரண்டு வாரம் பிடிக்கும், அந்த இரண்டு வாரத்தைத் தாங்கும் பணம் 2017-இல் கையில் இல்லை, 2023-இல் பால் பணம் இருந்தது.

1,700 கிலோதான் விளைந்தது; 2017-ஐவிட ஐந்நூறு கிலோ குறைவு. அந்த ஆண்டின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,377 ரூபாய். தை மாதத்தில் அதைவிடச் சற்று மேலான விலைக்கு விற்று, கடனையும் வட்டியையும் கட்டி, விதைக்கென்று நல்ல காயாக 150 கிலோ நிறுத்திக்கொண்டார்கள். விதையை வியாபாரியிடம் கடனாக வாங்கினால் விளைச்சலையும் அவரிடமே கொடுக்க வேண்டும் என்ற எழுதாத கட்டுப்பாடு அத்தோடு அறுந்தது. விலையில் கிடைத்ததைவிட இது பெரிய ஆதாயம் என்பேன்.

2024-இல் சிறு விவசாயிகளுக்கான முழு மானியத்தில் கத்திரிக்கும் மல்லாட்டைக்கும் சொட்டுநீர் போட்டார்கள். ஒரு இஞ்ச் தண்ணீர் இப்போது முன்பைவிடக் கூடுதலான நிலத்துக்கு எட்டுகிறது.

பாகப் பிரிவினை

இரண்டாம் முறை நிலம் விற்கும் பேச்சு 2024-இன் இறுதியில் எழுந்தது. இம்முறை காரணம் நட்டம் அன்று. வேலூரைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகி, சாலையோர நிலத்தின் விலை, விவசாயம் எத்தனை ஆண்டு செய்தாலும் ஈட்ட முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. இளைய மகனுக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. தன் பங்கை விற்கக் கேட்கிறார். அவர் கேட்பது நியாயமே. 2017-இல் போர் மோட்டாருக்குக் கொடுத்த அறுபதாயிரத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அண்ணனுக்கு அது நினைவிருக்கிறது. குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்தது. தன் பங்கை விற்கப்போவதில்லை, அண்ணனே பயிர் செய்யட்டும், ஆண்டுக்கு இரண்டு மூட்டை அரிசியும் மல்லாட்டையும் வந்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பெரியவர் காலமானபின் வாரிசுச் சான்று வாங்கியதோடு நின்றுவிட்டதால் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பயிர்க்கடன் புதுப்பிப்புக்கு ஒவ்வொரு முறையும் அனைவரின் ஒப்புதலும் தேவைப்படுகிறது.

இந்நிலையில் நிலத்தைப் பிரிப்பதைவிடக் கிணற்றைப் பிரிப்பதே கடினம். கிணறும் போரும் சாலைப் பக்கத்து முக்கால் ஏக்கரில் உள்ளன. மனைக்கு விலை போகும் துண்டும் அதுவே. அதைத் தம்பி பெற்று விற்றால் மீதிப் புன்செய்க்கு நீர் இல்லை. அதை அண்ணன் வைத்துக்கொண்டு உள்பக்கத்தைத் தம்பிக்குக் கொடுத்தால் அதற்கு விலை இல்லை. இருவரும் தாயார் முன்னிலையில் பேசி, சாலையோரத்தில் கிணற்றைச் சேராத முப்பது செண்டைத் தம்பிக்கு ஒதுக்கி, அதன் கூடுதல் மதிப்புக்கு ஈடாக உள்பக்கத்தில் அவருடைய பங்கைக் குறைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உள்பக்கத்தில் தம்பிக்கு மிஞ்சும் துண்டை அண்ணன் குத்தகைக்குப் பயிர் செய்வார். முதல் மூன்று ஆண்டுக் குத்தகையோடு அறுபதாயிரத்தையும் சேர்த்துக் கொடுப்பதாக அண்ணன் தாமாகவே கூறினார்.

பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. எழுத்தர் தயாரித்த வரைவில் நில எல்லைகள் மட்டுமே இருந்தன. கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், மோட்டார் பழுதானால் செலவு எந்த விகிதத்தில், உள்நிலத்துக்கு வண்டிப் பாதை எத்தனை அடி, சகோதரியின் பங்கில் பயிர் செய்யும் உரிமை எத்தனை ஆண்டுக்கு, இந்த ஐந்தையும் தனித்தனிப் பத்தியாகச் சேர்க்கும்படி திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. ஆடி விதைப்புக்கு முன் பதிவு முடிந்தால் கூட்டுப் பட்டாவுக்கு மாறாக அவரவர் பெயரில் தனிப் பட்டா கேட்டு விண்ணப்பிக்கவும், அதைக் கொண்டு மருமகளின் பெயருக்கு மாட்டுக் கொட்டகை உள்ள பத்து செண்டைத் தானமாக எழுதி வைக்கவும் குடும்பம் முடிவு செய்துள்ளது. அந்தக் கடைசி யோசனை மாமியாருடையது.